நாற்பத்திரண்டு கீறல்கள்

கல்யாணமான இரண்டாவது வாரம் நானும் என் கணவரும் ஒகேனக்கல் போனோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அந்தப் பயணத்தைச் சொல்வார். பாறைகளுக்கு நடுவே பரிசல்காரர் பரிசலைச் சுழற்றினார், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து அழுதேன் என்பது கதை. இருபது வருடங்களில் கதை நன்றாக வளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் கரைக்குத் திருப்பச் சொல்லி நான் கெஞ்சுவதாகவும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. எனக்கு நினைவிருப்பது வேறு. பயந்தேன், அது உண்மைதான். 'இன்னொரு தடவை சுத்துங்கண்ணா' என்று கேட்டதும் நான்தான். கேட்டதற்குச் சாட்சி பரிசல்காரர் ஒருவர். அவரை எங்கே போய்த் தேடுவது?

அந்தப் பயணம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. படித்தபோது வகுப்போடு சுற்றுலா போக அனுமதி கேட்டேன். 'போறதா இருந்தா கட்டிக்கிட்டவனோட போ' என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, சட்டத்தை எடுத்துச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். ஆகவே பெரியவர்கள் இல்லாமல் நான் பார்த்த முதல் ஆறு, தாலி ஏறிய பிறகு பார்த்த ஆறு. என் தலைமுறையில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணம்தான் பாஸ்போர்ட். மலை, கடல், அருவி எல்லாவற்றுக்கும் வாசலில் நிற்பவர் கணவர்.

ஆங்கிலத் துறையில் இருக்கும் தோழி ஒருநாள் பிராட் டிமாக் எழுதிய 'சங்க் வித்அவுட் எ சவுண்ட்' என்ற புத்தகத்தைக் கொடுத்தார். 2001இல் வந்தது. 1928ஆம் ஆண்டு அமெரிக்காவில் தேனிலவுக்காக ஆற்றில் படகில் போய்த் திரும்பாமலே போன க்ளென் ஹைட், பெஸ்ஸி ஹைட் என்ற தம்பதியின் வரலாறு. பெஸ்ஸி கவிதை எழுதியவள் என்பதற்காகத்தான் வாங்கினேன். படித்து முடித்ததும் என் மனதில் நின்றது ஆறல்ல, அவளைப் பற்றிச் சாட்சி சொன்னவர்கள். (பெஸ்ஸிக்கு அப்போது 22 வயது, என் மாணவிகளின் வயது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். நியாயம் கருதி அவனையும் 'அவன்' என்றே.)

பெஸ்ஸி ஹேலி மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்தவள். ஐந்தடி உயரம், மெலிந்த உடம்பு. 1926இல் பள்ளிக்காலத் தோழன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சில மாதங்கள்கூட அது நிலைக்கவில்லை. கண்டத்தின் மறு ஓரத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தாள். 1927இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் பயணிகள் கப்பலில் க்ளென்னைச் சந்தித்தாள். அவன் ஐடஹோ மாநிலத்தில் தந்தையோடு பண்ணையம் பார்த்தவன், அவளைவிட ஏழு வயது மூத்தவன்.

இடையில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. பெண் வரலாற்றில் இப்படிப்பட்ட சின்ன விவரங்களில்தான் விஷயமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நெவாடா மாநிலம் 1927இல் விவாகரத்துக்கான வசிப்புக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. மூன்று மாதம் அங்கே குடியிருந்துவிட்டால் வழக்குப் போடலாம். பெஸ்ஸி இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டாள். எல்கோ என்ற ஊரில் அவளுக்கு விவாகரத்து கிடைத்தது 1928 ஏப்ரல் 11. க்ளென்னோடு திருமணம் நடந்தது ஏப்ரல் 12. 'கணவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் போன அப்பாவி' என்று அவளைப் பின்னாளில் எழுதியவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சரிவராத ஒரு வீட்டைவிட்டு ஏற்கெனவே ஒருமுறை தானாக வெளியேறியவள் அவள்.

க்ளென்னுக்கு ஆறுகள் புதிதல்ல. 1926இல் தன் தங்கையோடு ஐடஹோவின் சால்மன் ஆற்றில் படகில் இறங்கியவன். அந்த ஆற்றுக்காரர்களின் படகு தனி வகை: சதுர மூக்கும் தட்டையான அடியும் கொண்ட பெரிய மரப்பெட்டி. முன்னால் ஒரு நீண்ட துடுப்பு, பின்னால் ஒரு நீண்ட துடுப்பு. நின்றுகொண்டே அவற்றைத் தள்ளிப் படகை இடமும் வலமும் நகர்த்தலாம். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆறு இழுக்கும், படகு போகும். அப்படியொரு படகை யூட்டா மாநிலத்தின் கிரீன் ரிவர் என்ற ஊரில் இரண்டே நாளில் அவன் கட்டினான். நீளம் சுமார் 20 அடி, அகலம் 5 அடி. மிதக்கும் சவப்பெட்டி என்று ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். 1928 அக்டோபர் 20 அன்று இருவரும் புறப்பட்டார்கள். கிரீன் ஆறு கொலராடோ ஆற்றில் கலக்கும். கொலராடோ கேட்டராக்ட், க்ளென், மார்பிள் பள்ளத்தாக்குகளைக் கடந்து அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்குள் நுழையும். நதி அறுத்து அறுத்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட இடம் அது. ஆறு பாறையில் மோதிக் கொதித்துச் சரியும் இடங்களை அங்கே ரேப்பிட் என்கிறார்கள். அப்படி நூற்றுக்கு மேல். டிசம்பர் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நீடில்ஸ் நகரில் கரையேறுவது திட்டம்.

இதற்குத் தேனிலவு என்று பெயர் வைத்தவை பத்திரிகைகள். அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. கிராண்ட் கேன்யனை 1869இல் ஜான் வெஸ்லி பவல் படகில் கடந்தார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளில் கடந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெஸ்ஸி கடந்துவிட்டால் முதல் பெண். பிறகு ஊர் ஊராக மேடையேறிப் பயணக்கதை சொல்லலாம், புத்தகம் போடலாம்.

அந்த வருடங்களில் 'முதல் பெண்' என்பது நல்ல விலைக்குப் போன சரக்கு. 1926இல் கெர்ட்ரூட் எடர்லி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். 1928 ஜூனில் அமேலியா இயர்ஹார்ட் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் ஆனார். விமானத்தை ஓட்டியவர்கள் இரண்டு ஆண்கள். உருளைக்கிழங்கு மூட்டையைப் போல் நான் ஏற்றிச் செல்லப்பட்டேன் என்று அவரே பிறகு சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தனியாக ஓட்டிக் கடந்து கணக்கை நேர் செய்துகொண்டார். பெஸ்ஸி மூட்டையாகப் போனாளா, படகோட்டியாகப் போனாளா? அவளைப் பற்றிய எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

படகில் துடுப்புகள் இரண்டு, ஆட்களும் இருவர்தான். மூட்டைக்கு இடமே இல்லை.

26 நாட்களில் 400 மைலுக்கு மேல் ஆற்றோடு போய்விட்டார்கள். நவம்பர் நடுவில், கிராண்ட் கேன்யனுக்குள் பாண்டம் ராஞ்ச் என்ற இடத்துக்கருகில் படகைக் கட்டிவிட்டு, பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஏறி மேலே வந்தார்கள். உணவுப் பொருள் வாங்க வேண்டும், கடிதம் போட வேண்டும். மேலே விளிம்பில் எமரி கோல்ப் என்ற புகைப்படக்காரரின் ஸ்டூடியோ இருந்தது. எமரியும் அவர் அண்ணன் எல்ஸ்வொர்த்தும் 1911-12இல் இதே ஆற்றில் படகில் போய்ச் சலனப்படம் எடுத்தவர்கள். ஆற்றைத் தெரிந்தவர். லைஃப் ஜாக்கெட் எடுத்துப் போகும்படி எமரி சொன்னார். க்ளென் மறுத்துவிட்டான். இந்த இடத்தில் அவன் மேல் எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை அவனுக்கு இருந்தது. 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவன் சொன்னான். கணவன்மார் சொல்லும் 'வேண்டாம்'களில் பாதி இப்படித்தான், மனைவியையும் உள்ளே போட்டு முடிச்சுப் போட்டது.

அங்கே பெஸ்ஸி இரண்டு விஷயங்கள் சொன்னாள்.

ஒன்று, எமரி கோல்ப் நினைவிலிருந்து சொன்னது. அவருடைய மகள் நன்றாக உடுத்தி, அழகான காலணி அணிந்து வந்தாளாம். அதைப் பார்த்த பெஸ்ஸி, இனி எப்போதாவது நான் அழகான செருப்புப் போடுவேனா என்று ஏக்கமாகக் கேட்டாளாம்.

மற்றது, அதே நாட்களில் அவள் பத்திரிகைக்குச் சொன்னது. சாக்டாலஜர் என்ற ரேப்பிட்டில் துடுப்பு க்ளென்னை அடித்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. அவன் படகைப் பற்றி ஏறும்வரை அவள்தான் சமாளித்தாள். பயந்து போனதாக ஒத்துக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு தடவை முழுக்க நனைந்துவிட்டதாகவும், இந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் ரசிப்பதாகவும் சொன்னாள்.

இதில் எது நிலைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெஸ்ஸி ஹைட் என்று தேடினால் முதலில் வருவது செருப்புதான். ஆற்றங்கரை வழிகாட்டிகள் இரவில் தீ மூட்டிச் சொல்லும் கதையிலும் செருப்பு, நாவல்களிலும் செருப்பு. துடுப்பைப் பிடித்தவள் சொன்னது பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குள் படுத்துவிட்டது. செருப்பு வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கமாட்டாள் என்று நான் வாதிடவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாக ஈரத்தில் ஊறிய கால்களோடு மலையேறி வந்தவள் யாராக இருந்தாலும் காய்ந்த செருப்பைப் பார்த்து ஏங்குவாள். நானும் ஏங்குவேன். ஏக்கத்தைச் சொன்னவள் எப்படியோ உடனே தீர்க்கதரிசியாகிவிடுகிறாள்: சாவு தெரிந்துவிட்டது பாவம், வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியமில்லை. க்ளென் அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ புலம்பியிருப்பான். அவனுடைய புலம்பலை யாரும் சேர்த்து வைக்கவில்லை.

அடால்ஃப் சூட்ரோ என்ற சான் பிரான்சிஸ்கோக்காரர் ஆசைப்பட்டு ஒருநாள் அவர்களோடு படகில் போனார். நவம்பர் 18 அன்று ஹெர்மிட் ரேப்பிட் அருகே இறங்கிக்கொண்டார். இருவரையும் உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் அவர்தான். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் சொன்னார். அதற்குப் பின் வாய்வழியாக வந்தவர்கள், அவள் வரமாட்டேன் என்றாள், அவன்தான் வற்புறுத்திப் படகில் ஏற்றினான் என்று கதையை நகர்த்தினார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சாட்சிகளை எங்கோ பார்த்த ஞாபகம் வரும். அகத்திணையில் உடன்போக்கு என்று ஒரு துறை உண்டு. காதலனோடு தலைவி வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பாலை நிலத்தைக் கடந்து போவது. அவள் போன பிறகு பேசுகிறவர்கள் யார்? பெற்ற தாய் வீட்டிலிருந்து அழுகிறாள். செவிலித்தாய் காட்டுவழியே தேடிப் போகிறாள், எதிரே வருகிறவர்களிடம் கேட்கிறாள். வழியில் பார்த்தவர்கள் 'கண்டோர் கூற்று' என்ற பெயரில் பரிதாபப்படுகிறார்கள். அனைவருக்கும் பொதுவான கவலை ஒன்றுதான்: அவளுடைய மெல்லிய பாதம். சிலம்பு அணிந்த, பரலில் நடந்து பழகாத பாதம். ஐங்குறுநூற்றில் மகளை அனுப்பிவிட்டுத் தாய் இரங்கும் பாடல்கள் பத்து. அதை அடுத்து வரும் பத்து இடைச்சுரத்தில் பேசப்பட்டவை. அங்கேதான் நடந்துகொண்டிருக்கும் பெண்ணின் குரல் சில பாடல்களிலாவது கேட்கிறது. முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் இந்த விகிதம் எனக்கு உறுத்தவில்லை. பாலையின் அழகில் மயங்கியிருந்தேன். வீட்டைவிட்டு நடக்கத் துணிந்தவளிடம் கேட்காமல், அவள் காலைப் பற்றியே ஏன் இத்தனை பேர் பேசுகிறார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. எமரி கோல்ப் சங்கப் பாடல் படித்தவரல்ல. ஆனாலும் அவர் கண்ணும் நேராகக் காலுக்குத்தான் போயிருக்கிறது.

செவிலியும் இந்தக் கதையில் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் நீடில்ஸில் கடிதத்துக்காகக் காத்திருந்து ஏமாந்த க்ளென்னின் தந்தை, ஆர்.சி. ஹைட். அந்த முதியவரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதிகாரிகளை நச்சரித்து ராணுவ விமானத்தை வரவழைத்தார். விமானம் பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் பறந்து டிசம்பர் 19 அன்று படகைக் கண்டது. லீஸ் ஃபெரியிலிருந்து 237ஆவது மைலில், நிமிர்ந்தபடி, கவிழாமல் மிதந்துகொண்டிருந்தது. கோல்ப் சகோதரர்களும் ஒரு வனக்காவலரும் பழைய படகொன்றைச் செப்பனிட்டு இறங்கி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உணவுப் பொருட்கள் கட்டியபடி இருந்தன. கேமரா இருந்தது, பெஸ்ஸியின் நாட்குறிப்பு இருந்தது, ஆட்கள்தான் இல்லை. ஆர்.சி. ஹைட் அதற்குப் பிறகும் விடவில்லை. குளிரில், மலை விளிம்புகளிலும் ஆற்றங்கரைகளிலும், அடுத்த ஆண்டிலும் தேடிக்கொண்டிருந்தார். இருவருடைய உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாட்குறிப்பின் கடைசிப் பதிவு நவம்பர் 30. அன்று 231ஆவது மைலில் இருக்கும் ரேப்பிட்டைக் கடந்திருக்கிறார்கள். படகின் மேல்விளிம்பில் பெஸ்ஸி நாளுக்கு ஒன்றாகக் கத்தியால் கீறல் போட்டு வந்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தபோது 42. அக்டோபர் 20 முதல் நவம்பர் 30 வரை எண்ணினாலும் 42. மேடையேறிச் சொல்லத் தேவைப்படும் என்றோ என்னவோ, கணக்கில் ஒருநாள்கூடத் தவறவிடாமல் வந்தவள்.

டிமாக்கும் அவர் மனைவி ஜெரி லெட்பெட்டரும் அதே அளவில் ஒரு படகைக் கட்டி அதே ஆற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். இதுதான் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி முறை. ஆவணம் பேசாத இடத்தில் தோளும் இடுப்பும் போய்க் கேட்டு வருகின்றன. பெருந்துடுப்பு தண்ணீரில் மாட்டினால் பிடித்திருப்பவரை எப்படி வீசியடிக்கிறது என்பதை அவர்கள் உடம்பால் தெரிந்துகொண்டார்கள். 232ஆவது மைல் ரேப்பிட்டின் அடியில் கருங்கல் முனைகள் நீருக்குள் மறைந்து நிற்கின்றன. படகு அவற்றில் மோதி இருவரும் தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டும் என்பது டிமாக்கின் முடிவு. நவம்பர் இறுதிக் குளிர் நீர், கம்பளி உடை, லைஃப் ஜாக்கெட் கிடையாது. படகு ஆளில்லாமல் இன்னும் ஐந்து மைல் போய் நின்றிருக்கிறது. ஏற்கத்தக்க முடிவு.

இந்த எளிய முடிவு பலருக்குப் போதவில்லை. 1971இல் அதே ஆற்றில் சுற்றுலாப் படகுகள் இரவில் கரையொதுங்கியபோது, பயணிகளில் ஒரு வயதான பெண், நான்தான் பெஸ்ஸி என்றாள். அவன் என்னைக் கொடுமைப்படுத்தினான், கத்தியால் குத்திவிட்டு நடந்தே வெளியேறினேன் என்றாள். பின்னாளில் கேட்டபோது அப்படிச் சொன்னதையே மறுத்துவிட்டாள். 1976இல் எமரி கோல்ப் இறந்தபின் அவருடைய பழைய படகுக்குள் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது, மண்டையோட்டில் குண்டுக் காயத்தோடு. க்ளென்னைச் சுட்டவர் கோல்ப்தான், பெஸ்ஸியைக் காப்பாற்றத்தான் சுட்டார் என்று அடுத்த கதை கிளம்பியது. எலும்பு க்ளென்னுடையது அல்ல என்று தடய அறிவியலாளர்கள் நிறுவினார்கள். அது 1933இல் கண்டெடுக்கப்பட்ட, தற்கொலை செய்துகொண்ட யாரோ ஒருவருடையது என்ற முடிவுக்குப் பிற்பாடு வந்தார்கள். 1992இல் ஜார்ஜி ஒயிட் கிளார்க் இறந்தார். கிராண்ட் கேன்யனில் சொந்தமாகப் படகு நிறுவனம் நடத்திய பெண், ஆற்றின் பாட்டி. அவர் உடைமைகளில் ஹைட் தம்பதியின் திருமணச் சான்றிதழும் ஒரு துப்பாக்கியும் கிடைத்தன. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் பெஸ்ஸி என்றிருந்தது. அவ்வளவுதான், இவர்தான் அவள் என்றார்கள். அதுவும் இல்லை என்றானது. ஜார்ஜியின் பிறப்பும் வளர்ப்பும் வேறு ஊரில், வேறு குடும்பத்தில், பதிவுகளோடு இருக்கிறது.

பெண்ணியவாதிகளான நமக்கும் இந்தக் கொலைக்கதையில் ஒரு ரகசிய ருசி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் நான் சொன்னபோது மாணவிகளின் முகம் மலர்ந்தது கத்திக்குத்து வந்த இடத்தில்தான். 'அவ குத்தியிருக்கணும் மேம்' என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும்தான் உறுத்தியது. இழுத்துச் செல்லப்பட்ட பெண், குத்திவிட்டுத் தப்பிய பெண் என்று இரண்டு வார்ப்புகள்தான் பெஸ்ஸிக்குக் கிடைத்திருக்கின்றன. முதல் வார்ப்பில் அவளுக்கு மனமே கிடையாது. இரண்டாவதில் மனம் உண்டு, ஆனால் பயணம் போய்விடுகிறது, ஆறு வெறும் கொலைக்களம். பயந்துகொண்டே விரும்பிப் போனவள், விரும்பிக்கொண்டே அலுத்தவள், தலைக்கனம் பிடித்த கணவனைக் காதலித்தவள், தண்ணீரில் விழுந்தவனைப் பிடித்தவள், மறுநாள் காலையில் செருப்புக்கு ஏங்கியவள், இவர்கள் எல்லோரும் ஒருத்தியே என்பதற்கு எந்த வார்ப்பிலும் இடமில்லை. பயந்தாள் என்று ஒருவர் சொன்னதும் மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறோம். ஆணின் பயம் மட்டும் அவன் துணிச்சலுக்குச் சான்றாகிவிடுகிறது.

போன பொங்கலுக்கு உறவினர்கள் கூடியிருந்தபோது பரிசல் கதை மறுபடி வந்தது. அவர் சட்டையைப் பிடித்து அழும் இடத்துக்கு வந்ததும் நான் குறுக்கிட்டேன். இன்னொரு தடவை சுற்றச் சொல்லி நான் கேட்டதைச் சொன்னேன். என் நாத்தனார், 'அப்படியா அண்ணி? சொல்லவே இல்லையே' என்றார். கணவர் யோசித்தார். பொய் சொல்கிறவர் அல்ல. 'நீ கேட்டியா? எனக்கு நெனப்பில்லையே' என்றார். அவருக்கு நினைவிருப்பது என் கை அவர் சட்டையில் இருந்தது. அதுவும் நடந்ததுதானே. என் மகள் கேட்டாள்: 'சரி, அவர் திரும்பச் சுத்துனாராம்மா?' சுற்றினார் என்றேன். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

பெஸ்ஸியின் கவிதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'வாண்டரிங் லீவ்ஸ்', அலையும் இலைகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு தொகுப்பைக் கையெழுத்துப் படியாக வைத்திருந்தாள். ஆற்றுக்குப் போகுமுன் எழுதியவை. சிறந்த கவிதைகள் என்று சொல்லமாட்டேன். 22 வயதில் நான் எழுதியவற்றைவிட மோசமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, ஆற்றுக்கு முன்னாலும் அவள் ஒருத்தியாக இருந்தாள் என்பது. காணாமல் போனதால் உண்டானவள் அல்ல.

அவள் அடைய நினைத்ததைப் பத்து ஆண்டுகள் கழித்து இரண்டு பெண்கள் அடைந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள். எல்சாடா க்ளோவர் நாற்பதைக் கடந்தவர், அவருடைய மாணவி லோயிஸ் ஜாட்டருக்கு வயது 24. பள்ளத்தாக்கின் செடிகொடிகளைப் பட்டியலிட வேண்டும் என்று க்ளோவருக்கு ஆசை. இருவருமே மணமாகாதவர்கள், கணவர் என்ற வாசல் இல்லாமல் ஆற்றுக்கு வந்தவர்கள். 1938 ஜூன் 20 அன்று, பெஸ்ஸி புறப்பட்ட அதே கிரீன் ரிவர் ஊரிலிருந்து, நார்மன் நெவில்ஸ் என்ற படகோட்டியின் குழுவோடு கிளம்பினார்கள். மரப்படகுகள்தான், ஆனால் லைஃப் ஜாக்கெட் இருந்தது. பத்திரிகைகள் விடவில்லை. பெண்கள் போகிறார்கள், கடைசியாகப் போனவள் என்ன ஆனாள் தெரியுமல்லவா என்று திரும்பத் திரும்ப எழுதின. பெஸ்ஸியின் சாவு அதற்குள் பெண்களுக்கான எச்சரிக்கைப் பலகையாகியிருந்தது. அதே படகில் அதே ஆற்றில் செத்த க்ளென்னை எந்த ஆணையும் பயமுறுத்த யாரும் எடுக்கவில்லை.

குழுவில் ஆண்களும் இருந்தார்கள், சமைத்தது மட்டும் இந்த இரண்டு பேரும். தாவரவியல் வேலை அதற்கு முன்னும் பின்னும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டு, ஆண்கள் படகு கட்டும் நேரத்தில் பாறை இடுக்குகளில் ஏறிக் கள்ளியும் புல்லும் பறித்துத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார்கள். அந்தச் செடிகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 1944இல் வெளிவந்தது. க்ளென் பள்ளத்தாக்கைப் பின்னால் அணை கட்டி நீரில் மூழ்கடித்துவிட்டதால், அங்கே முன்பு என்ன முளைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கட்டுரையும் இன்று தேவைப்படுகிறது. ஜாட்டர் தம் எண்பதாவது வயதில், 1994இல், ஆற்றின் பழைய மனிதர்களைக் கூட்டி நடத்திய ஆய்வுப் பயணத்தில் மறுபடி அதே பள்ளத்தாக்கில் படகேறினார், எந்தக் கரையில் எந்த மரம் அன்று இல்லை என்று விஞ்ஞானிகளுக்குக் காட்டுவதற்காக.

1938 ஜூலைக் கடைசியில் மூன்று படகுகளும் 232ஆவது மைலைத் தாண்டின. நாற்பத்திரண்டாவது கீறலுக்குப் பிறகு பெஸ்ஸி இறங்கிய அதே சரிவு. ஆகஸ்ட் 1 அன்று க்ளோவரும் ஜாட்டரும் போல்டர் அணையில் கரையேறினார்கள், உதடு வெடித்து, முகம் கறுத்து, செடிக்கட்டுகளோடு.